ஆளில்லாமல் கப்பல் நிற்கக் கூடாது

பிப்ரவரி 9

அன்பு மகனுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நன்றாக இருக்கிறோம். நீ நன்றாக இருக்கிறாயா என்று நாலு முறை கேட்கச் சொன்னாள் அம்மா. ஒரு முறை கேட்டுவிட்டேன், மீதி மூன்றையும் கேட்டதாக வைத்துக்கொள்.

ஒரு வாரமாக உன் போன் எடுக்கவே இல்லை. கம்பெனி ஆபீசுக்குப் பேசினால் ஒரு பெண், "கப்பல வெளிப்பக்கம் தள்ளி நிறுத்தியிருக்காங்க சார், அங்க சிக்னல் இல்ல. லெட்டர் போடுங்க, தண்ணிப் படகுல போயிடும்" என்றாள். லெட்டராம்! நான் பேனா பிடித்து எத்தனை வருஷம் ஆகிறது. கப்பல் கட்டும் யார்டில், கப்பல் முகப்பில் பெயர் எழுதுகிறவன் நான். அங்கே ஒவ்வொரு எழுத்தும் என்னைவிட உயரம். அதே கையை இந்தத் துண்டுக் காகிதத்தில் ஓட்டச் சொன்னால், யானையைக் கூப்பிட்டு ஊசியில் நூல் கோக்கச் சொன்ன மாதிரி இருக்கிறது. அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "என்னங்க இது, கோழி நடந்த மாதிரி இருக்கு" என்கிறாள். எழுத்தில் எனக்கு அழகு என்றைக்கு இருந்தது? அளவுதான் உண்டு. என் எழுத்தை ரசிக்க வேண்டுமானால் அரை மைல் தள்ளி நிற்க வேண்டும்.

இங்கே யார்டில் மூச்சு விட நேரமில்லை. இதுவரை கட்டியதிலேயே பெரிய கண்டெய்னர் கப்பல். இந்தக் கோடியில் நிற்கிறவன் அந்தக் கோடியில் இருக்கிறவனைத் திட்ட வேண்டுமென்றால் போன் போட்டுத்தான் திட்ட வேண்டும். ஃபோர்மேன் அளவுகோல் (சிரிப்பைக்கூட அளந்து விடுவார், அதனால் அந்தப் பேர்) இருபத்து நான்காயிரம் பெட்டி ஏறும் என்றார். "அத்தனை பெட்டிக்குள்ள போட உலகத்துல சாமான் இருக்கா சார்?" என்று கேட்டேன். "நீ பேரை மட்டும் எழுதுய்யா" என்றார். எழுதுகிறேன்.

நீ எலக்ட்ரீஷியனாகக் கப்பல் ஏறியபோது ஒன்பது மாதம் என்றார்கள். அது முடிந்துவிட்டது. இன்றைக்கோ நாளைக்கோ வந்துவிடுவாய் என்று உன் கட்டிலுக்கு அடியில் வைத்திருந்த வெங்காயக் கூடையை அம்மா வேறு இடத்துக்கு மாற்றிவிட்டாள். கூடை இப்போது என் கட்டிலுக்கு அடியில். எப்போது வருகிறாய் என்று எழுது.

வேளைக்குச் சாப்பிடு.

சின்ன எழுத்தில் சிரமப்படும்
அப்பா


மார்ச் 3

அன்புள்ள அப்பாவுக்கும் அம்மாவுக்கும்,

உங்கள் கடிதம் தண்ணீர்ப் படகில் வந்தது. நான் நலம். அம்மாவின் நாலு கேள்விக்கும் சேர்த்து நலம். அப்பாவுக்கு வெங்காய வாசனையில் தூக்கம் வருகிறதா?

துறைமுகத்தை ஒட்டி நின்றவரை போன் எடுத்தது. இடத்தை அடைக்கிறோம் என்று எங்களை இழுத்துக்கொண்டு வந்து இங்கே நங்கூரம் போட்டுவிட்டார்கள். எங்களைப் போல இன்னும் பதினொரு கப்பல் இருக்கிறது. எல்லாம் காலி. பாரம் இல்லாததால் தண்ணீருக்கு மேலே ரொம்ப உயரமாக நிற்கின்றன. தண்ணீருக்குள் இருக்க வேண்டிய சிவப்பு பெயிண்டெல்லாம் வெளியே தெரிகிறது. பார்க்க ஒரு மாதிரி இருக்கிறது அப்பா, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எல்லோரும் எதற்கோ காத்திருக்கிற மாதிரி.

சரக்கு வராது என்று தெரிந்துவிட்டது. கம்பெனி கையை விரித்துவிட்டது. விடுப்பில் போன கேப்டன் திரும்பவில்லை. ஒவ்வொருவராக இறங்கிப்போய் இப்போது நாலு பேர்தான். சமையல்காரர், இரண்டு மாலுமிகள், நான். கப்பலை கோர்ட் பிடித்து வைத்திருக்கிறது. ஏலம் விடப் போகிறார்களாம்.

போன வாரம் துறைமுக அதிகாரி வந்தார். "ஆளில்லாம கப்பல் நிக்கக் கூடாது. அது சட்டம். உங்கள்ல ஒருத்தர் பேர்ல பொறுப்பு எழுதிக்கணும். அடுத்த மாசம் வருவேன், யாருன்னு பேசி வைங்க" என்றார். நான்தான் கொஞ்சம் படித்தவன் என்று மாலுமிகள் என் முகத்தைப் பார்க்கிறார்கள். சமையல்காரர் மட்டும், "தம்பி, கையச் சட்டைப் பைக்குள்ளயே வச்சுக்க, வெளிய எடுக்காத" என்கிறார். அவர் நிழலைக் கண்டாலும் பயப்படுகிற மனிதர். என்ன செய்யலாம்? உங்கள் பதில் பார்த்து முடிவு செய்கிறேன்.

அம்மா உடம்பைப் பார்த்துக்கொள்ளவும்.

அன்புடன்,
உங்கள் மகன்


மார்ச் 15

அன்பு மகனுக்கு,

நாங்கள் சுகம். உன் கடிதம் வந்ததிலிருந்து சுகத்துக்கு மேல் சுகம்.

இதில் யோசிக்க என்னடா இருக்கிறது? கையைத் தூக்கு! இரண்டு கையையும் தூக்கு! நம் வம்சத்தில் எவனாவது எதற்காவது பொறுப்பாக இருந்திருக்கிறானா? என் அப்பா ஒரு ஆட்டுக்குப் பொறுப்பாக இருந்தார், அது தொலைந்துபோனது. நான் ஒரு பெயிண்ட் டப்பாவுக்குப் பொறுப்பு, அதையும் சாயங்காலம் ஸ்டோரில் திருப்பிக் கொடுக்க வேண்டும். உன்னிடம் ஒரு முழுக் கப்பலைக் கொடுக்கிறேன் என்கிறான், நீ அப்பாவைக் கேட்டு எழுதுகிறாயே!

இப்போதே எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். அளவுகோலிடம் சொன்னேன். "கேப்டனா?" என்றார். "கேப்டனுக்கும் மேல சார், கேப்டன் போயிட்டார், என் பையன் நிக்கிறான்" என்றேன். ஒரு அங்குலம் சிரித்தார். எதிர்வீட்டுத் தையல்காரர், "உங்க பையன் கப்பல்ல ஒரு ரவுண்டு கூட்டிட்டுப் போகச் சொல்லுங்க" என்கிறார். நிற்கிற கப்பல் என்று அவருக்குச் சொல்லவில்லை.

சமையல்காரரை விடு. உப்பு போடுவதற்கே ஒரு முடிவெடுக்கப் பயப்படுகிறவராக இருக்கும். நாளைக்கு வேறு கம்பெனியில் வேலை கேட்டால், "கப்பலையே என் பொறுப்பில் விட்டார்கள்" என்று சொல்லலாமே. ஏலம் முடியும்வரை கொஞ்ச நாள். முடிந்ததும் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு இறங்கி வா.

அம்மா, அவசரப்பட வேண்டாம், நாலு பேரிடம் கேட்டு எழுதலாம் என்றாள். நாலு பேரிடம் கேட்டால் நாலு பேச்சு வரும், அதனால் நானே எழுதிவிட்டேன்.

பெருமையில் சட்டைப் பொத்தான் தெறித்த
அப்பா


ஏப்ரல் 26

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். அனைவரும் நலமென்று நம்புகிறேன்.

நீங்கள் சொன்னபடி கையெழுத்துப் போட்டேன். அதிகாரி கை கொடுத்தார். மறுநாளே படகு வந்து சமையல்காரரையும் மாலுமிகளையும் ஏற்றிக்கொண்டு போய்விட்டது. பொறுப்புக்கு ஒருவர் இருந்தால் போதுமாம். சமையல்காரர் ஏணியில் இறங்கும்போது என் தலையைத் தொட்டுவிட்டுப் போனார்.

அதிகாரியிடம், நான் எப்போது இறங்கலாம் என்று கேட்டேன். கப்பல் விற்றதும் என்றார். விற்காவிட்டால் என்றேன். "வித்துடும், வித்துடும்" என்றார். அதுவரை கரைக்குக்கூடப் போகக் கூடாதாம். நான் இறங்கினால் கப்பலில் ஆளில்லை என்றாகிவிடும்.

ஒன்றும் பெரிய விஷயமில்லை. ஜெனரேட்டரை மட்டும் நிறுத்திவிட்டேன், டீசல் இல்லை. எலக்ட்ரீஷியனுக்குக் கரண்ட் இல்லாத கப்பல்! நீங்கள் இருந்தால் சிரித்திருப்பீர்கள். சாயங்காலம் முன்பக்கத்தில் நங்கூர விளக்கை பேட்டரியில் போடுவதுதான் வேலை. முடிந்தால் தடித்த சாக்ஸ் அனுப்புங்கள். இரும்பு ரொம்பக் குளிர்கிறது.

அம்மாவிடம் தனியாக இருக்கிறேன் என்று சொல்ல வேண்டாம்.

அன்புடன்,
மகன்


மே 18

அன்பு மகனுக்கு,

இங்கு யாவரும் நலம். அங்கும் அப்படியே இருக்க வேண்டும் என்று மனதாரக் கேட்கிறேன்.

உன் கடிதத்தை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். "தனியாக" என்ற இடத்தைத் தாண்டித்தான் படித்தேன். ஆனால் நான் ஒரு இடத்தைத் தாண்டினால் என் குரலிலேயே பள்ளம் விழுந்துவிடும் போல. காகிதத்தைப் பிடுங்கிப் படித்தாள். பிறகு இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள், "உங்க பொத்தானத் தச்சுட்டேன், இனிமே தெறிக்காது" என்றாள். நியாயம்தான்.

தொழிற்சங்க ஆபீசுக்குப் போனேன். அங்கிருந்து ஒரு வக்கீலிடம் அனுப்பினார்கள். அவர் என்னை உட்காரவைத்துப் பாடம் நடத்தினார். கொஞ்ச வருஷம் முன்னால் சரக்குக் கப்பலுக்கு ஏக கிராக்கியாம். ஒவ்வொரு முதலாளியும், பக்கத்து முதலாளி கட்டுகிறானே என்று தானும் கட்டச் சொன்னானாம். கப்பல் என்ன தோசைக்கல்லில் ஊற்றுகிற சமாச்சாரமா? கட்டி முடிக்க வருஷங்கள் ஆகின்றன. எல்லாம் ஒரே நேரத்தில் தண்ணீரில் இறங்கும்போது சரக்கு இல்லை. எனக்கு நன்றாகவே புரிந்தது. நம் தெருவில் ஒரு டீக்கடை ஓடியது, ஆறு டீக்கடை வந்தது, டீ குடிக்கிற வாய் மட்டும் அதே வாய். பெரிய படிப்பு படித்தவர்களும் டீக்கடைக்காரர்களைப் போலத்தான் என்பதில் எனக்கு ஒரு சின்ன சந்தோஷம். அது உனக்கு உதவாத சந்தோஷம்.

ஏலம் அடுத்த மாதமாம். விற்றுவிடும். நல்ல கப்பல்தானே.

எங்கள் பெரிய கப்பல் போன வாரம் வெளியே போனது. பேண்டு வாத்தியம் எல்லாம் வைத்தார்கள். என் எழுத்து வெயிலில் பளபளத்தது. இப்போது கொஞ்சம் ஓய்வு.

சாக்ஸ் நாலு ஜோடி, பிஸ்கட், டார்ச் பேட்டரி எல்லாம் பார்சலில் வருகிறது. சாக்ஸ் நிறம் அம்மா தேர்வு, என்னைத் திட்டாதே.

அப்பா


ஜூன் 24

அப்பாவுக்கு,

நலம். பார்சல் வந்தது.

ஏலத்துக்கு ஒருவரும் வரவில்லை. அதிகாரி படகில் இருந்தபடியே கத்திச் சொல்லிவிட்டுப் போனார். மேலே ஏறவில்லை. இன்னொரு தேதி வைப்பார்களாம்.

உங்கள் கப்பல் வந்துவிட்டது. முதலில் சரக்கோடு எங்கோ போகிற வழி என்று நினைத்தேன். இரண்டு இழுவைப் படகுகள் அதைத் தள்ளிக்கொண்டு வந்து எனக்குப் பக்கத்தில் நிறுத்திவிட்டன. ஒரு பெட்டிகூட இல்லை. கட்டிய இடத்திலிருந்து நேராக இங்கேதான் வந்திருக்கிறது. காற்று இந்தப் பக்கம் அடித்தால் புது பெயிண்ட் வாசனை வருகிறது. அது வந்த பிறகு மத்தியானத்துக்கு மேல் என் மேல்தளத்தில் வெயில் விழுவதில்லை.

எழுந்ததும் உங்கள் எழுத்துதான் கண்ணில் படுகிறது. நீங்கள் சொன்னது சரி, தள்ளி நின்று பார்த்தால் அழகாகத்தான் இருக்கிறது.

நேற்று அதிகாரி சொன்னார், இந்த மாதிரி புதுக் கப்பலே சும்மா நிற்கும்போது பழைய கப்பலை எவன் வாங்குவான் என்று. அப்பா, இன்னும் எத்தனை கட்டுகிறீர்கள்?

மகன்


ஜூலை 19

அன்பு மகனுக்கு,

நலம். உன் நலம் பற்றி நீ ஒரு வார்த்தையில் எழுதுகிறாய். அம்மா அந்த வார்த்தையைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறாள், அதற்குப் பின்னால் ஏதாவது ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று.

உன் கேள்விக்குப் பதில். யார்டில் ஒன்று பாதியில் நிற்கிறது. கட்டச் சொன்னவர் வேண்டாம் என்றுவிட்டாராம். அதற்குப் பேர் எழுதும் வேலை இன்னும் வரவில்லை. வரும்போது கொஞ்சம் மெதுவாக எழுதுகிறேன். என்னால் முடிந்தது அவ்வளவுதான் போலிருக்கிறது.

வேறு விசேஷம் இல்லை. எதிர்வீட்டுத் தையல்காரர் பதினொரு மணிக்கு ஒரு குட்டித் தூக்கம் போடுகிறார் என்பது இத்தனை வருஷம் எனக்குத் தெரியாது. மிஷின் மேலேயே தலை வைத்துத் தூங்குகிறார். நம் வீட்டுக் கதவுக்குப் பெயிண்ட் அடித்தேன். கதவு பளிச்சென்று ஆனதும் ஜன்னல் கேவலமாகத் தெரிந்தது. ஜன்னலை அடித்ததும் தண்ணீர்த் தொட்டி கோபித்துக்கொண்டது. அம்மா, "என்னையும் அடிச்சுடாதீங்க" என்று தள்ளி நின்று போகிறாள்.

வக்கீலுக்கு மறுபடி எழுதியிருக்கிறேன். கோர்ட்டுக்கும் எழுதினேன். கோழி நடந்த எழுத்தைப் பார்த்து அங்கே யாராவது இரக்கப்படட்டும்.

நீ சாக்ஸ் போடுகிறாயா? அதை மட்டுமாவது எழுது.

அப்பா


ஆகஸ்ட் 30

ஐயாவுக்கு வணக்கம்.

நான் தண்ணிப் படகு ஓட்டுறவன். உங்க கடுதாசியெல்லாம் என் கையாலதான் போகும், வரும். எனக்கு எழுத வராது. டீக்கடைப் பொண்ணு எழுதிக் கொடுக்குது. அதுக்கும் நீங்க நல்லா இருக்கணும்னு வேண்டுதல்.

போன மாசம் உங்க கடுதாசி கொண்டுபோனேன். கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை வத்திப்போச்சு, உங்க மகன் ஏணிய இறக்கல. மேல நின்னு என்னையே பாத்துக்கிட்டு இருந்தார். "தம்பி, கயித்தப் போடுங்க, தண்ணிக் கேனையாவது கட்டி விடறேன்"னேன். "இருக்கட்டும்"னார். எது இருக்கட்டும்னு எனக்குப் புரியல. ரெண்டு வாரம் கழிச்சுப் போனப்பவும் அப்படித்தான். மூணாவது தடவை நானே கொக்கி போட்டு ஏறி, தண்ணிய வச்சுட்டு வந்தேன். தாடி வளர்ந்து ஆளே தெரியல. உங்க கடுதாசியப் பக்கத்துல வச்சேன். பிரிக்கல.

சாயங்காலம் வெளக்கு மட்டும் தவறாமப் போட்டுடறார். அத வச்சுத்தான் ஆள் இருக்காருன்னு தெரிஞ்சுக்கறோம். முந்தாநாள் போடல. நேத்து போட்டார்.

நான் பயமுறுத்த எழுதல. நீங்க ஒரு நடை வந்து பாத்தா நல்லது. படகுத்துறையில தண்ணிக்காரர்னு கேட்டா என்னைக் காட்டுவாங்க.


அக்டோபர் 20

அன்பு மகனுக்கு,

அப்பா எழுதுவது, கப்பலிலிருந்து. நான் சுகம். நீ சுகமா? அம்மா சுகமா? சாப்பிடுகிறாயா? தாடியை எடுத்தாயா? இப்போதுதான் தெரிகிறது, அம்மா ஏன் நாலு முறை கேட்கிறாள் என்று.

அன்றைக்கு நான் ஏணியில் ஏறி வந்து உன்னைக் கீழே இறங்கச் சொன்னேன். "ஒரு மாசம்தான், அப்புறம் வேற ஆள் போடறாங்களாம்" என்றேன். நீ பாதி ஏணியில் நின்று மேலே பார்த்தாய். "போடா, படகுக்காரர் மோட்டாரப் போட்டுட்டார்" என்று கத்தினேன். அப்படிக் கத்தாவிட்டால் நீ திரும்ப ஏறியிருப்பாய்.

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். துறைமுக ஆபீசில் நாலு நாள் பெஞ்சில் உட்கார்ந்தேன். பெஞ்சும் என்னை அடையாளம் கண்டுகொண்டது. அஞ்சாம் நாள் அதிகாரி கூப்பிட்டார்.

"பெரியவரே, கப்பல் விக்கிற வரைக்கும் உங்க பையன் பேர்லதான் இருக்கு."

"விக்குமா சார்?"

அவர் ஜன்னல் திரையை விலக்கிக் காட்டினார். பார்த்தேன். கடல் கொஞ்சம்தான் தெரிந்தது, மீதியெல்லாம் காலிக் கப்பல்.

"ஆளில்லாம நிக்கக் கூடாது, அவ்வளவுதானே சார்? ஆள் மாறலாமா?"

அவர் பேனாவைக் கீழே வைத்தார். இப்படி யாரும் கேட்டிருக்க மாட்டார்கள் போல. "கோர்ட்ல கேக்கணும். உங்களுக்குக் கப்பலைப் பத்தி என்ன தெரியும்?"

"வெளிப்பக்கம் நல்லாத் தெரியும் சார்."

"உள்ள?"

"போனா தெரிஞ்சுடும்."

மூன்று வாரம் கழித்து கோர்ட் சரி என்றது. அவர்களுக்கு ஒரு ஆள் வேண்டும். எந்த ஆள் என்று அவர்களுக்குக் கவலை இல்லை. இத்தனை வருஷத்தில் என் வயதும் என் படிப்பும் யாருக்கும் தடையாக இல்லாத ஒரே வேலை இதுதான்.

அம்மாவிடம் உன்னைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்றுதான் சொல்லிவிட்டு வந்தேன். வேறு ஆள் என்று யாரும் இல்லை. அதை நீதான் அவளிடம் பக்குவமாகச் சொல்ல வேண்டும். நான் சொன்னால் பள்ளம் விழும்.

உன் அறையைக் கூட்டினேன். சாக்ஸ் பார்சல் கட்டுப் பிரிக்காமல் இருந்தது. இப்போது என் காலில். அம்மா உனக்கென்று எடுத்த நிறம் எனக்கு எடுப்பாக இருக்கிறது.

விளக்கைத் தவறாமல் போடுகிறேன். கவலைப்படாதே. நீ தூங்கு. நிறையத் தூங்கு.

கேப்டனுக்கும் மேலான
அப்பா


நவம்பர் 17

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். இந்தத் தடவை உண்மையாகவே. தாடியை எடுத்துவிட்டேன். முதல் வாரம் முழுக்கத் தூங்கினேன். தரை ஆடாததால் நடக்கும்போது சுவரைப் பிடித்துக்கொள்கிறேன், அவ்வளவுதான்.

அம்மாவிடம் சொல்லிவிட்டேன். கேட்டுக்கொண்டே காய் நறுக்கினாள். பிறகு நறுக்கிக்கொண்டே இருந்தாள், மூன்று நாளைக்கு ஆகிற அளவுக்கு. உங்களுக்கு ஒரு வரி எழுதச் சொன்னேன். "எனக்கென்ன எழுதத் தெரியும், எல்லாம் அவரே எழுதிக்குவார்" என்றாள்.

யார்டுக்குப் போனேன். பெரிய கப்பல் வெளியே போன மறுவாரமே உங்களை வேலையை விட்டு அனுப்பிவிட்டதாக அளவுகோல் சொன்னார். மே மாதமே. பேரை மெதுவாக எழுதுகிறேன் என்று எனக்கு எழுதியது ஜூலையில், அந்தக் கடிதத்தை இங்கே வந்துதான் பிரித்தேன். வீட்டில் கதவு, ஜன்னல், தொட்டி, தையல்காரர் வீட்டு கேட், எல்லாம் கப்பல் நீலத்தில் இருக்கிறது. வேலை போனதை எனக்கு எழுதக் கூடாது என்று அம்மாவிடமும் சொல்லியிருந்தீர்களாம்.

இன்னொரு விஷயம். யார்டுக்கு ஆர்டர் வந்திருக்கிறது. மூன்று கப்பல், நீங்கள் பேர் எழுதியதைவிடப் பெரியது. எல்லோரும் சும்மா கிடக்கும்போது மலிவாகக் கட்டிக்கொள்ளலாம் என்று ஒரு முதலாளிக்கு யோசனையாம். எலக்ட்ரீஷியன் வேண்டும், வருகிறாயா என்று அளவுகோல் கேட்டார். மூன்று வருஷ வேலை. இங்கே வேறு வேலை இல்லை, தேடிப் பார்த்துவிட்டேன்.

நான் அங்கே நின்று பார்த்தவன் அப்பா. அந்த மூன்றும் தண்ணீரில் இறங்கினால் நீங்கள் இப்போது இருக்கிற கப்பலை ஒருவரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். அது எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும்.

போகட்டுமா, வேண்டாமா? போன தடவை நான் கேட்டபோது உடனே பதில் போட்டீர்கள்.

அன்புடன்,
மகன்


டிசம்பர் 15

அன்பு மகனுக்கு,

நலம். நலமே விரும்புகிறேன், இரண்டு மடங்கு.

பதில் தாமதம் என்று வருத்தப்படாதே. இரண்டு படகு வந்து போனது. இரண்டு முறையும் எழுதினேன், இரண்டு முறையும் கொடுக்கவில்லை. "என்ன ஐயா, வெறும் கையோட அனுப்பறீங்க" என்றார் தண்ணீர்க்காரர். "யோசிச்சுப் பழகறேன்" என்றேன்.

போ. வேலைக்குப் போ.

நீ போகாவிட்டால் அந்தக் கப்பல்கள் கட்டாமல் நின்றுவிடுமா? உன் இடத்தில் இன்னொருவன் ஒயர் இழுப்பான். அவனுக்கும் எங்காவது ஒரு அப்பா இருப்பார், கரையிலோ கடலிலோ. நீ வீட்டில் உட்கார்ந்தால் ஒரு கப்பலும் குறையாது, ஒரு வேளைச் சோறுதான் குறையும். கணக்கில் நான் மட்டம் என்றாலும் இது எனக்கே புரிகிறது. அம்மாவும் பாவம், வீட்டில் ஒரு ஆள் பெயிண்ட் அடித்ததே போதும்.

என்னைப் பற்றி ஒன்றும் யோசிக்காதே. எனக்கு இங்கே பெரிய வேலை ஒன்றும் இல்லை. மேலே கப்பலை ஓட்டுகிற பிரிட்ஜ் அறைவரை எட்டு மாடி. முதலில் தினமும் ஏறினேன். பிறகு ஐந்தாவதில் ஒரு நல்ல ஜன்னல் கண்டுபிடித்தேன். இப்போது இரண்டாவதிலேயே எல்லாம் தெரிகிறது. ராத்திரியில் கொஞ்சம் இருமல். இரும்புக்கும் எனக்கும் பழக்கமாகிறவரை அப்படித்தான் இருக்கும். முன்பக்கத்து விளக்குக்கு நடந்துபோய்த் திரும்ப வெகு நேரம் ஆகிறது, அதனால் மத்தியானமே கிளம்பிவிடுகிறேன். நல்ல நடை.

பக்கத்துக் கப்பல் கம்பெனியையும் மூடிவிட்டார்களாம். அதிகாரி வந்தார். "எப்படியும் இங்கதான இருக்கீங்க, அதையும் உங்க பேர்ல போட்டுக்கலாமா பெரியவரே?" என்றார். கையைச் சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டேன். அந்தச் சமையல்காரரைப் பார்த்தால் என் வணக்கத்தைச் சொல்.

யார்டில் ரப்பர் செருப்போடு உள்ளே போகாதே. சாரத்தில் ஏறும்போது கீழே பார்க்காதே. அளவுகோல் சிரித்தால் நீயும் சிரி, ஆனால் அவரைவிடக் குறைவாக.

அம்மா ஒரு வரி எழுதினால் நன்றாக இருக்கும். திட்டினாலும் சரி.

அப்பா


ஜனவரி 8

என்னங்க,

நல்லா இருக்கீங்களா? நாங்க இருக்கோம். திட்டினாலும் சரின்னு எழுதியிருக்கீங்க. அதனால திட்டறேன்.

போகும்போது பாத்துட்டு வர்றேன்னீங்க. நான் ரெண்டு பேருக்கும் சேத்து உலை வச்சேன். ஒருத்தன் மட்டும் வாசல்ல வந்து நின்னான். பையன் வந்துட்டான்னு சிரிக்கறதா, பின்னால யாரும் வரலையேன்னு பாக்கறதா? எனக்கு ரெண்டு பேர்ல ஒருத்தர்தான்னு எந்த ஆபீஸ்ல முடிவு பண்ணினாங்க? நீங்களும் அந்த அதிகாரியும் பேசி முடிச்சுட்டீங்க. என்னை ஒரு வார்த்தை கேக்கல. போன தடவையும் கேக்கல.

எட்டு மாடி, அஞ்சு மாடி, ரெண்டு மாடின்னு நீங்க எறங்கி எறங்கி எழுதறத நான் படிக்காம இல்ல. ஜன்னல் நல்லா இருக்காம். இருமலுக்கு வெந்நீர் குடிங்க. அடுப்பு எரியுதான்னு எழுதுங்க. தண்ணிக்காரர்கிட்ட மருந்து கொடுத்து அனுப்பறேன். பிரிக்காம வைக்காதீங்க.

கோர்ட்டுக்கு நானும் எழுதிப்போட்டிருக்கேன். என் எழுத்து கோழி நடந்த மாதிரிகூட இல்ல. என்ன எழுதினேன்னு கேக்காதீங்க.

உங்க கடுதாசிய அவன் நாலு தடவை படிச்சான். வேண்டாம்மான்னான். உங்கப்பா சொல்லிட்டார்ல, போன்னேன். நானே சொன்னேன்.

முந்தாநாள்தான் அவனுக்கு வேலையில முதல் நாள். விடிஞ்சதும் எழுந்து சாப்பாடு கட்டினேன். டப்பாவுல போட்டு மூடும்போது கை நின்னுபோச்சு. இதச் சாப்பிட்டுட்டுத்தான அவன் ஒயர் இழுப்பான், அவன் இழுக்க இழுக்க நீங்க அங்கயே இருப்பீங்கன்னு தோணுச்சு. அவன் செருப்ப மாட்டிக்கிட்டு, "என்னம்மா, நேரமாச்சு"ன்னான். "ஒண்ணுமில்லடா, மூடி சேரல"ன்னேன்.

அழுத்தி மூடிக் கொடுத்தேன். வாங்கிட்டுப் போனான்.

அவன் அம்மா